கை சுத்தம்

செயின்ட் ஹீலியரில் மழை பெய்த ஒரு வியாழன்.
இரண்டாம் மாடி, ஈட்டுத்தொகை அலுவலகம்.
ஒத்தீலியா நோப்ரெகா என் வலப்பக்கம்.
எதிரில் ரெனூஃப், நல்ல மனிதர்,
பேனாவைத் திறந்து மூடித் திறந்துகொண்டு.
நடுவில் நான்,
மணிக்குப் பதினெட்டு பவுண்டு வாங்கும் வாய்.

என்ன வேலை என்று கேட்கிறார்.
கேட்கிறேன்.
முல்யெர் அ தியாஷ், என்கிறாள்.
எங்கள் மொழியில் அதற்கு
நாட்கணக்கில் பெண் என்று பொருள்:
திங்கள் ஒரு வீட்டுக்கு, செவ்வாய் இன்னொன்றுக்கு,
ஞாயிறு மட்டும் யாருக்கும் இல்லை.
க்ளீனர், என்றேன்.
அவ்வளவுதானா என்று என்னைப் பார்த்தாள்
சில்லறை குறைத்துக் கொடுத்த கடைக்காரனைப் பார்ப்பதுபோல.

வசந்தத்தில்?
செமில்யா நடுவேன்.
மதெய்ராவில் உருளைக்கிழங்குக்கு
நாங்கள் வைத்திருப்பது விதையின் பெயர்.
லிஸ்பன்காரர்கள் சிரிப்பார்கள்.
பொட்டேட்டோ என்று சொன்னேன்,
முளை ஒடிந்துவிட்டது.

அவள் நிறுத்தவில்லை.
கடலைப் பார்த்துச் சரிகிற நிலம்,
டிராக்டர் ஏறாது.
ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே,
முளை வானம் பார்க்க ஒவ்வொன்றாய் வைக்கவேண்டும்,
கவிழ்த்து வைத்தால் அது
வழி தேடியே பத்து நாளைத் தொலைக்கும்.
கடற்பாசி உரத்தின் வாடை
சனிக்கிழமைக் குளியலுக்கும் போகாது.
ரெனூஃப் எழுதினார்:
விவசாயக் கூலி. பருவகாலம். பயிற்சி தேவையற்றது.
தலைகீழாக வாசிக்கவும் எனக்குத் தெரியும்.

கோடையில் விடுதி.
நாளுக்குப் பதினாறு அறை.
அலமாரி, மேசை, கோப்பை, ஜன்னல்,
கடைசியில் சாவி.
குளியலறைக்கு நீலக் கேனில் வருகிற திரவம்.
கையுறை மாதம் ஒரு ஜோடி,
கிழிந்தால் அவரவர் பாடு.
சொல்லிவிட்டு மேசைமேல் கைகளை வைத்தாள்.
விரலிடுக்கெல்லாம் வெடித்து
அடுப்பில் மறந்த ரொட்டியின் மேலோடு.
எழுந்து பார்த்தார், உட்கார்ந்தார்.
கைகளை மொழிபெயர்க்க எனக்கு அனுமதி இல்லை.

ஏன் பதினோரு வருஷம் பொறுத்தீர்கள்?

நிமிர்ந்தாள்.
எ த்ரபால்யு லிம்பு, சென்யோர்.

மணி பன்னிரண்டு. எனக்குப் பசி.
சொல்லுக்குச் சொல் வைத்தேன்:
சுத்தமான வேலை, ஐயா.
ரெனூஃபின் முகம் தெளிந்தது.
ஒரு கட்டத்தில் டிக் அடித்தார்.
ரசாயனம், தூசு: இல்லை.

நில்லுங்கள், என்றேன்.
பிழை என்னுடையது.
அவள் சொன்னது சோப்புச் சுத்தம் இல்லை.
தலையணைக்கடியில் மோதிரம் கிடந்திருக்கிறது,
கைக்கடிகாரம் கிடந்திருக்கிறது,
ஒருமுறை பிரிக்காத பண உறை.
எதுவும் அவள் பையில் ஏறியதில்லை.
யாரிடமும் தலைகுனிய வேண்டாத வேலை என்கிறாள்.
கை சுத்தம் என்கிறாள்,
கையே போய்க்கொண்டிருக்கிறபோது.

அந்தக் கடைசி வரியை நான் சொல்லவில்லை.
சொல்லக்கூடாது, சம்பளம் வாய்க்குத்தான்.

அவர் படிவத்தைப் புரட்டினார்,
மறுபடி முதலிலிருந்து.
நேர்மைக்குக் கட்டம் இல்லையே, என்றார்
உண்மையாகவே வருந்தி.
டிக்கை அடித்துவிட்டு
ஓரத்தில் சின்னதாய்க் கையெழுத்திட்டார்.

என்ன செய்தார்?
திருத்திவிட்டார்.
எதை?
என்னை, என்றேன்.

நிறுத்தத்தில் நின்றபோது
அந்தச் சொல்லை மறுபடி கேட்டாள்.
க்ளீனர்.
வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள்,
விதை எடுக்காத ஆலிவ் போல.
அவர்கள் மொழியில் அதற்கு
இன்னும் சுத்தமானவள் என்றும் அர்த்தம் உண்டு,
என்றேன், குறைத்த சில்லறையைத் திருப்பித் தருபவனாக.

யாரைவிட? என்றாள்.

பஸ் வந்துவிட்டது.
ஐந்து மணிக்கு வங்கிக் கட்டடத்தில் அவளுக்கு நான்கு மாடி.
ஏறி உட்கார்ந்து
ஜன்னலில் படிந்திருந்த ஆவியை
முழங்கையால் துடைத்தாள்,
பழக்கத்தில், மூலைகளையும் விடாமல்.